மச்சான் ஊர் திரும்பும் வரை ஓட வேண்டிய மடிக்கணினி

பழைய மடிக்கணினிகளுக்கு ஆயுள் கூட்டும் தொழிலில் திருகுகளைக் கழற்றுவது எளிது. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் மேசையில் ஒரு திருகு மிச்சமாகக் கிடந்தால், வாடிக்கையாளர் பார்ப்பதற்குள் அதை எடுத்து வைப்பதுதான் கடினம்.

பெரம்பலூரில் கடை வைத்திருந்த நான் இதை எவரிடமும் பயின்றவன் அல்லன். வானொலிப் பெட்டியில் தொடங்கி, தொலைக்காட்சி வழியாக, திறந்து பார்த்துத் திறந்து பார்த்தே கற்றவன். பழைய பொருளைத் தூக்கி எறியவும் மனமின்றி, வைத்துக்கொண்டு மாரடிக்கவும் முடியாமல் தவித்திருக்கும் வாசகர்கள் என் கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

ஒரு ரகசிய வேண்டுகோள்

லப்பைக்குடிக்காட்டு ஜமீலா முதன்முதலாக என் கடைக்கு வந்தது 2005ஆம் ஆண்டு. அவர் கணவர் ஹாரூன் ஷார்ஜாவில் வேலையில் இருந்தார். முந்தைய விடுப்பில் அவர் கொண்டுவந்து கொடுத்த பழைய மடிக்கணினியில், வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குத் திருமண அழைப்பிதழ் வடிவமைத்துத் தந்துகொண்டிருந்தார் ஜமீலா. விசைப்பலகையில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்துகளும் இருந்த அந்தப் பெட்டி, அழைப்பிதழைச் சுற்றி ஒரு பூவேலைப்பாட்டை வைத்தால் போதும், அசையாமல் நின்றுவிடும்.

"ஒரு பார்டர் போட்டுட்டு அடுப்படிக்குப் போனா, சோறு வடிச்சுட்டு வர்ற வரைக்கும் அப்படியே நிக்குது" என்றார். திறந்து பார்த்தேன். நினைவகம், அதாவது கடைகளில் ராம் என்பார்களே, அது மிகக் குறைவு. அதைக் கூட்டினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்று சொன்னேன். ஜமீலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, அவங்க போன் பண்ணிக் கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா, புதுசு வாங்கித் தரணும்னே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அங்க கையெழுத்துப் போட்டுருவாங்க. எனக்கு மிஷின் வேணாம்ணே, மனுஷன் வந்தாப் போதும்."

சாண் நீளப் பாசம்

அந்த ரகத்துக்குரிய ராம் திருச்சியில் தேடியும் அகப்படவில்லை. அவ்வாரமே ஹாரூன் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். "பெட்டி நன்றாக இருக்கிறது, ஒரு ராம் வாங்கி அனுப்பினால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றேன். பொய்யும் சொல்லவில்லை, வாக்கும் தவறவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவது அவ்வூர் வழக்கம். பேரீச்சம்பழப் பொட்டலத்துக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவில், துண்டில் பத்திரமாகச் சுற்றப்பட்டு ராம் வந்து சேர்ந்தது. பிரித்த எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், கவலை ஒருபக்கம். மேசைக் கணினியில் போடும் நீளமான ராம் அது! மடிக்கணினிக்கு அதில் பாதி நீளமுள்ளதுதான் பொருந்தும். மறுமுறை பேசியபோது ஹாரூனிடம் விளக்கினேன். அவர் சொன்னார்:

"கடைக்காரன் ரெண்டு காட்டினான்ணே. ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு சாண் நீளம். ரெண்டும் ஒரே வெலைன்னான். சின்னதை அனுப்பி வச்சா வூட்டுல என்னைக் கஞ்சன்னு நெனைக்க மாட்டாங்களா?"

கல் வாத்தியார்

இக்கட்டிலிருந்து என்னை மீட்டவர் அரியலூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர். சுண்ணாம்புச் சுரங்கங்களில் இறங்கிக் கல்லாய்ப் போன சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரிப்பவர். அப்படி இறங்குகையில் அவருடைய மடிக்கணினி பள்ளத்தில் விழுந்து, திரை சுக்குநூறாகிவிட்டது. உள்ளே திறந்தால் விபூதி டப்பாவைத் திறந்ததுபோல் வெள்ளைத் தூசி. துடைத்துப் பார்த்தபோது என் கண் விரிந்தது. ஜமீலாவின் பெட்டிக்குப் பொருந்தும் அதே ராம்!

"ஏழு வருடப் பழசு, சார். திரைக்குச் செலவு செய்வது வீண்" என்றேன். அவரும் மனமுவந்து பெட்டியை என்னிடமே விட்டுவிட்டார். ஆனால் படியிறங்குமுன் பையிலிருந்து ஒரு கல்சிப்பியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஏழு வருஷத்துக்கே பழசுங்கிறீங்களே! இதுக்குப் பல கோடி வயசு. நேத்து அதே பள்ளத்துலதான் இதையும் கீழ போட்டேன். ஒரு கீறல் விழுந்திருக்கா பாருங்க."

வியாழக்கிழமை

அந்த ராமோடு ஜமீலாவின் பெட்டி ஓராண்டுக்கு மேல் ஓடியது. பிறகு ஒருநாள் உள்ளே 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்கியது. ஹார்டு டிஸ்க் சாகும் ஓசை அது. எங்கள் தொழிலில் அதைக் கேட்டவன் காபி குடிக்கப் போக மாட்டான். அந்த டிஸ்க்கினுள் நாற்பது அழைப்பிதழ்கள் இருந்தன. சூடேறினால் நின்றுவிடும் என்பதால், மேசை விசிறியை நேராகத் திருப்பி வைத்து, ஓடுகிறவரை ஓடவிட்டு, ஆறவைத்து, மீண்டும் ஓடவிட்டு ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். திருச்சியிலிருந்து வந்த புதிய டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றி மாட்டிக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி மணி அடித்தது. ஹாரூன்.

"ரெண்டு வாரமா அவ அந்தப் பொட்டியைத் திட்டவே இல்லண்ணே. அதான் சந்தேகம். உண்மையச் சொல்லுங்க, செத்துப்போச்சா? ஒப்பந்தப் பேப்பரு என் கையில இருக்கு. இன்னிக்கு வியாழன், நாளைக்கு இங்க லீவு, சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

பெட்டியை வாங்கிப் போக வந்து பக்கத்தில் நின்ற ஜமீலாவின் முகத்தை நான் பார்க்கத் துணியவில்லை. "உண்மையைத்தான் சொல்கிறேன். அதன் டிஸ்க் செத்துவிட்டது, புதிது மாட்டுகிறேன். இணைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்றேன். கடைசித் திருகை முடுக்கிப் பொத்தானை அழுத்தி, ஒலிவாங்கியைப் பெட்டியின் அருகில் பிடித்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பின்னர் திரை ஒளிர்ந்து, தொடக்க இசை கணீரென்று ஒலித்தது. மறுமுனையில் காகிதம் மடிபடும் சரசரப்பு.

"கேட்டுச்சுண்ணே. பேப்பரை மடிச்சுப் பையில வச்சுட்டேன். ஊருக்கு வர்றேன்னு அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் டிக்கெட்டுக்குச் சொல்லப் போறேன்."

வந்த பிறகு

ஹாரூன் நிரந்தரமாக ஊர் திரும்பி ஒரு மாதம் கழிந்தது. ஜமீலா மடிக்கணினியோடு மீண்டும் என் கடைப்படி ஏறினார். எதுவும் பழுதில்லை, அம்பு போல் ஓடுகிறது என்றார். பின் ஏன் கொண்டுவந்தீர்கள் என்றேன். காலைத் தொழுகை முடித்து வந்த கணவர் அதில் சீட்டாடத் தொடங்கினால், பசியாற அழைத்தாலும் எழுவதில்லையாம். அச்சகத்து ஆள் வாசலில் காத்துக் கிடக்கிறாராம்.

"எனக்கு இதே வேகம் இருக்கட்டும்ணே. அவங்க கை பட்டா மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ற மாதிரி உள்ள ஏதாச்சும் மாட்டி விட முடியுமா?"

மடிக்கணினிகளின் வேகத்தைக் கூட்டப் பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற நான், குறைத்துத் தரச் சொல்லி வந்த அந்த ஒரே வேலையை மட்டும் இன்றுவரை முடித்துக் கொடுக்கவில்லை.