மாலை போட்ட முகமூடி

என் மகன் ஒரே வருடத்தில் மூன்று முறை பைக்கிலிருந்து விழுந்தான். சித்தப்பா இறந்த திதி தெரியாமல் நாங்கள் படைப்பதுதான் காரணம் என்றார் ஜோசியர். சித்தப்பா ஊர் ஊராகப் போய், மேடையில் முகமூடி மாட்டிக்கொண்டு குஸ்தி போட்டவர். வெளியூரில் இறந்துவிட்டார் என்ற செய்தி மட்டும்தான் வந்தது. முகமூடியோடு இருந்த ஒரே படத்துக்கு மாலை போட்டு, அமாவாசைதோறும் இலை போட்டு வந்தோம்.

அவரோடு குஸ்தி போட்ட ஒருவர் எளாவூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். செல்போனில் படத்தைக் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் முழங்கையை அதன் அருகில் வைத்தார். இரண்டிலும் ஒரே தழும்பு.

"இது நான் சார். அன்னிக்கு அவனுக்கு ஜுரம். அவன் முகமூடிய நான் மாட்டிக்கினு ஏறினேன்."

படத்திலிருந்த மாலையை அவரும் பார்த்துவிட்டார். பதற்றத்தில் படையலைப் பற்றியும் உளறிவிட்டேன்.

உள்ளிருந்து அவர் மனைவி சிரித்தார். "அதான் அமாவாசையானா இந்த ஆளு சோறே துன்னாது சார். வயிறு ரொம்பிக்கினு கீதுன்னும். எவ ஊட்ல துன்னுட்டு வந்தேன்னு நானும் சண்ட போடுவேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. "அவன் தை மாசம் பௌர்ணமில போனான். நான்தான் கொள்ளி வெச்சேன்" என்றார்.

திதி கிடைத்துவிட்டது. அன்றே படத்தை இறக்கினேன். ஆனால் இத்தனை வருடமும் சித்தப்பா எங்கள் வாசலில் பசியோடு நின்று, இன்னொருவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்று நினைத்தால், இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.