கணையத்தைப் படமெடுத்தார்கள், நான் ஜாங்கிரி தின்றேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — நான் ஒரு மடையன். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்துக் குறட்டை விட்ட மடையன்!

எனக்குச் சர்க்கரை. மாத்திரை கூடிக்கொண்டே போகிறது. அடுத்தது இன்சுலின் ஊசிதானோ என்று பயம். ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டும்.

"ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்று வேலூர் டாக்டரிடம் மல்லுக்கு நின்றேன்.

"வெளியே ஒல்லி சார். உள்ளே கணையத்துல கொழுப்பு படிஞ்சிருக்கலாம். ஸ்கேன்ல அளந்து பார்ப்போம், எங்க ஆராய்ச்சிக்கும் உதவும்" என்றார்.

போனோம், நானும் மனைவி செல்வியும். டெக்னீஷியன் பெண் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். "சொல்றப்போ மூச்சைப் பிடிக்கணும் சார். அசையக் கூடாது. சத்தம் பேஜாரா இருக்கும், பயப்படாதீங்க."

சத்தமா? தடதடவென்று அது ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆரணியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம். அந்தத் தடதட இருந்தால்தான் தெருவுக்கே தூக்கம் வரும். கரண்ட் போய்த் தறி நின்றால், தொட்டில் குழந்தை உட்பட எல்லோரும் விழித்துக்கொள்வோம்!

கண் சொருகியது. மிதந்தேன்... கீழே களம்பூர் ரைஸ்மில் புகை. மேலே மேகமெல்லாம் சாயம் தோய்த்த பட்டு மாதிரி காய்ந்துகொண்டிருக்கிறது. நடுவானில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ஜாங்கிரி. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் என்னென்னவோ சொல்கிறது... யார் கேட்டது? பாகு சொட்டச் சொட்டத் தின்றுகொண்டிருந்தேன்.

சட்டென்று தறி நின்றது. விழித்தேன்.

"இன்னா சார், தூங்கிகினு இருக்கீங்க? ஒரு படமும் தேறல. வாய் வேற எதையோ மென்னுகினே இருந்துச்சு!"

கனவை உளறினேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை மைக்கில் செல்வி. "முழிச்சிகினு இருக்கீங்களா?" இடைவெளி கிடைத்தபோதெல்லாம் இதே கேள்வி. அப்புறம் தூக்கம் வருமா என்ன?

படம் வந்தது. இருட்டாக இருக்க வேண்டிய கணையத்தில், நிலா வெளிச்சம் சிந்தியதுபோல் வெள்ளை வெள்ளையாக... பட்டில் புட்டா போட்ட மாதிரி!

"அத்தனையும் கொழுப்பா டாக்டர்?"

"ஆமா. ஒல்லியா இருந்தாலும், கொஞ்சம் எடை குறைஞ்சா இதுவும் குறையலாம், சர்க்கரையும் இறங்கலாம். ஊசியை இப்போதைக்குத் தள்ளிப் போடுவோம். சில மாசம் கழிச்சு மறுபடி அளக்கலாம்."

புடவையின் மேல் மடிப்பை மட்டும் பார்த்து யாராவது வாங்குவார்களா? உடம்பை மட்டும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம்.

பஸ் ஸ்டாண்டில் சுடச்சுட ஜாங்கிரி பிழிந்துகொண்டிருந்தார்கள். "ஊசிக்குத் தப்பிச்சதுக்கு... ஒண்ணே ஒண்ணு?" என்று செல்வியிடம் இழுத்தேன்.

"கனவுல துன்னதே போதும், ஏறுங்க."