ஃபாருக்குப் பின்னால் ஒரு பெயர்

பினாங்கில் எங்கள் மாடிவீட்டுக்காரி தன் கணவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. வந்து மூன்று வருஷமாகியும் எனக்குத் திக்கென்கிறது. ஊரில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் பெயர் குற்றாலம். தென்காசியில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் கப்பலேறும்வரை அவர் பெயர் மட்டுமல்ல, பக்கத்து ஊரின் பெயரும் என் வாயில் வந்ததில்லை. சீசனில் எந்த அருவிக்குப் போனாலும் ஐந்தருவிக்கு என்றே சொல்வேன். நாத்தனாருக்கு நாள் முழுக்கச் சிரிக்க அது போதும்.

என்னை அழைத்துக்கொள்ளுமுன், பினாங்கு வேலையிலிருந்து லீவில் வந்த அவர் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். நம் வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொண்டு பேசாமல் வரும். இங்கிலீஷிலோ ஒவ்வொரு வினைக்கும் தனித்தனித் துணை வேண்டியிருக்கிறது. லுக் என்றால் அட், வெயிட் என்றால் ஃபார், பிலாங் என்றால் டு. மாற்றிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "ஏட்டி, வெயிட்டுக்குப் பின்னால ஃபார் வரணும். அது இல்லாம அங்கன ஒருத்தனும் ஒன்ன மதிக்க மாட்டான்" என்பார். மாவாட்டும்போதும் அதையே முணுமுணுத்தேன்.

கப்பலைவிட்டு இறங்கியதும் தடுப்பு முகாமில் வைத்தார்கள். தனியாக வந்த பெண்ணைக் கணவன் வந்து அழைத்தால்தான் விடுவார்கள். இல்லையென்றால் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்து வேலை பார்க்கும், தமிழ் தெரிந்த கிராணி அன்று வரவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று துரை இங்கிலீஷில் கேட்டார். "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார்" என்று பிசகாமல் சொன்னேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை. ஊரிலென்றால் பக்கத்தில் நிற்கும் யாராவது பெயரை எனக்காகச் சொல்லிவிடுவார்கள். கப்பலில் துணையாக வந்த கடையநல்லூர் அண்ணாச்சியோ முன்னமே வெளியே போய்விட்டார். வாசல் பக்கம் கை காட்டினேன். அங்கே ஒரு கூட்டமே நின்றது. புருஷன் யாரென்றே தெரியாதவள் என்று துரை நினைத்துவிட்டார் போலும். குரலை உயர்த்தி, கப்பலைக் காட்டிப் போகச் சொன்னார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"குற்றாலம்."

சேவகன் அந்தப் பெயரை வாசலில் நின்று கூவ, அவர் ஓடி வந்தார்.

"பேரு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"நாந்தான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ரிக்ஷாவில் வீடு வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. ஃபார் வரைக்கும் கற்றுக்கொடுத்தவர், அதற்குப் பின்னால் யார் வருவாரென்று யோசிக்க வேண்டாமா?

இப்போது பால்காரனிடமும் டாக்டரிடமும் அந்தப் பெயரைச் சரளமாகச் சொல்கிறேன். போன ஆடியில் ஊருக்குப் போய், பெரிய அருவியில் தலையைக் கொடுத்து நின்றேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்காது. அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். வாயெல்லாம் தண்ணீர்.

ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, எங்கே குளித்தாய் என்று மாமியார் கேட்டார்.

"அஞ்சருவியில, அத்த" என்றேன்.