நடுக்குண்டு

பெரம்பலூரிலிருந்து கல்யாணமாகி அரியலூர் சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் குறை. எண்பதுகளின் தொடக்கம். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அவர் போனால் துடைப்பம், வந்தால் கரண்டி. ஜன்னல் கம்பியில் படிந்த சிமெண்ட் தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி படிந்திருக்கும். நானோ வாயாடி. பேச ஆளில்லாமல் தூசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸ் நடுவில் ஒரு கிளப் இருந்தது. வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த இன்ஜினியர் ஒருவர், அங்கே பார்த்த பௌலிங் விளையாட்டை இங்கே கொண்டுவந்துவிட்டார். கிளப்பின் நீளத் தாழ்வாரத்தில் சிவப்பு ஆக்சைடு பூசிய வழவழ தரை. அந்தக் கோடியில் தச்சுப் பட்டறையில் கடைந்த பத்து வேப்பங்கட்டைகள். இந்தக் கோடியிலிருந்து உருட்டி அடிக்க மில் குண்டு. சிமெண்ட் அரைக்கிற ராட்சச உருளைக்குள் புரண்டுகொண்டே இருக்கும் இரும்பு உருண்டைதான் அது. தேய்ந்தவற்றைக் கழித்துவிடுவார்கள். விளாம்பழ அளவில் ஒரு கூடை நிறையக் கிளப்புக்கு வந்திருந்தது.

ஒரு சாயங்காலம் தெருவில் போனபோது கட்டைகள் மடமடவென்று சரிந்த சத்தம் கேட்டது. அடடா! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் நேரே உள்ளே நுழைந்துவிட்டேன்.

கிளப் செக்ரட்டரி எழுந்து வந்தார். "இது ஆம்பளைங்க நேரம்மா."

"பொம்பளைங்க நேரம் எப்ப சார்?"

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா."

வீட்டுக்கு வந்து அன்று வைத்த ரசத்தில் உப்புப் போட்டேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். ஆண்டிமடத்துக்காரர். "அட இவ்வளவுதானா? முந்திரிக்கொட்டைய வரிசையா நிறுத்தி அடிச்சே வளந்தவ நான். மதியம் கிளப்புல யாரு இருக்கா? வா புள்ள" என்றார். வாட்ச்மேனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தோம். அவர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் மதியம் இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உருட்டினோம். பரமானந்தம்!

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. நேற்று கட்டையைச் சாய்த்த அதே கைவாக்கு இன்று சுவரில் போய் மோதும். தூசி படிந்த அன்றைக்குத் தரை குண்டைப் பிடித்து இழுக்கும். தண்ணீர் விட்டுத் துடைத்த அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். சொன்னதற்கு வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு குண்டாக உருட்டிப் பார்த்தேன். அதிகம் தேயாத கனத்த குண்டு திமிர் பிடித்தது. தரை எப்படி இருந்தாலும் நேரே போகும். ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்தது தரை நன்றாக இருந்தாலும் தள்ளாடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. கனமும் நடுத்தரம், எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து மங்கியது. தரை கொஞ்சம் இழுத்தால் கொஞ்சம் திரும்பும், நிறைய இழுத்தால் நிறையத் திரும்பும். பொய்யே சொல்லாது. தினமும் அதைத்தான் முதலில் உருட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். படியையும் மாற்றி அரிசியையும் மாற்றினால் அளந்து என்ன பிரயோசனம்? அதற்கு நடுக்குண்டு என்று பேர் வைத்தோம்.

"கட்டைய அடிக்கிறதுக்கு இது லாயக்கில்லையே?" என்றார் அக்கா.

"அடிக்கிறதுக்கு வேற இருக்குக்கா. இது கேக்கிறதுக்கு."

மார்கழியில் மாட்டிக்கொண்டோம். செக்ரட்டரி கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவரே சொன்னார். "மாட்டுப் பொங்கலுக்குப் போட்டி வைப்போம். நீங்க ஜெயிச்சா ஞாயித்துக்கெழம சாயங்காலம் பொம்பளைங்களுக்கு. தோத்தா, இந்த மதிய விளையாட்டெல்லாம் இதோட சரி."

எங்கள் பக்கம் நானும் அக்காவும். ஆண்கள் பக்கம் செக்ரட்டரியும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் என் வீட்டுக்காரர்! மணிக்கட்டைச் சுழற்றி அவர் விடுகிற குண்டு பாதி தூரம் வழுக்கிப்போய், கடைசியில் வளைந்து நடுக்கட்டையில் இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. தாழ்வாரம் முழுக்க மாக்கோலம்! அரைத்த அரிசிமாவில் படிக்கோலம் போட்டு, சுற்றிலும் காவிக் கரை கட்டி, எல்லாம் காய்ந்து மொரமொரவென்று நிற்கிறது. பக்கத்தில் எதிர்வீட்டு அக்கா, முகமெல்லாம் பல்லாக. "விடியக்காலமே வந்து போட்டேன். நல்ல நாளும் அதுவுமா நம்ம போட்டி நடக்கிற இடம் வெறிச்சுனு கெடக்கலாமா?"

"அக்கா! நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோமே!"

"அழிச்சுடலாமா?" என்று செக்ரட்டரி கேட்டார்.

"நாளும் கெழமையுமா கோலத்த அழிப்பாங்களா? நல்லாருக்கு!" என்று அக்கா ஒரு அதட்டல் போட்டார். கோலத்தின் மேலேயே போட்டி என்று ஆனது.

ஆளுக்கு ஐந்து முறை. ஒரு முறைக்கு இரண்டு உருட்டு. விழுகிற கட்டைகளே கணக்கு. ஆரம்பிக்கும் முன் ஒரு பக்கத்துக்கு ஒரு வெள்ளோட்டம். வீட்டுக்காரர் கனத்த குண்டை எடுத்து ஓங்கி விட்டார். அது நேராகப் போய்க் கட்டைகளைச் சிதறடித்தது. ஒரே கைதட்டல். கோலத்தைப் பற்றி அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நான் நடுக்குண்டை உருட்டினேன். கோலத்தில் ஏறியதுமே வெடுக்கென்று இடது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் படபடவென்று சந்தோஷம். மாவு பிடிக்கிறது! ஒரு முழம் வலது பக்கம் தள்ளி நின்று விட வேண்டும்.

அப்படியே விட்டோம். மடமடவென்று விழுந்தது. அவரோ வழக்கம்போல மணிக்கட்டைச் சுழற்ற, குண்டு பாதியிலேயே திரும்பிச் சுவருக்குப் போனது. திரும்பத் திரும்பச் சுவர்! அக்கா குலவையே போட்டுவிட்டார்.

பிறகு நிலைமை மாறியது. அவர் குண்டு மெல்ல மெல்ல நேராகப் போக ஆரம்பித்தது. எங்களுடையதோ வலது ஓரமாகவே போய் ஒன்றிரண்டைத் தட்டிவிட்டு நின்றது. அவர்கள் எங்களைத் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆட்டம் என்னுடையது. ஜெயிக்க ஒன்பது கட்டை விழ வேண்டும். தோற்றால் மறுபடி அந்த ஜன்னல் கம்பியும் தூசியும்தான் எனக்கு.

குண்டை எடுக்கக் குனிந்தவள் பார்த்தேன். கூடையிலிருந்த குண்டெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கோலத்தில் பாதி, குண்டுகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது! அப்படியானால் காலையில் பார்த்த தரை இப்போது இல்லை. அடிக்கிற குண்டை வைத்துவிட்டு நடுக்குண்டை எடுத்தேன்.

"ஏ புள்ள, கெட்டுது போ! அதப் போயி எடுக்கிறியே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

உருட்டினேன். மாவுப்பொடியில் வழுக்கிக்கொண்டே நெடுந்தூரம் போய், கடைசியில் சோம்பலாகத் திரும்பி, ஓரத்தில் இரண்டு கட்டையைச் சாய்த்தது. எட்டு நிற்கிறது. ஏழு விழ வேண்டும்.

"அவ்வளவுதான், வூட்டுக்குப் போயி பொங்கலச் சூடு பண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

அடிக்கிற குண்டோடு இடது பக்கம் நகர்ந்தேன். அவர் வழக்கமாக நிற்கிற அதே இடம். அவரைப் போலவே மணிக்கட்டைச் சுழற்றி விட்டேன். வழுக்கியது, வழுக்கியது, ஐயோ, திரும்பாதோ என்று நினைக்கும்போது திரும்பியது. மடமடமட! ஒரு கட்டை மட்டும் ஆடி ஆடி நின்றுகொண்டது. நிற்கட்டுமே!

நான் குதித்த குதியில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வீட்டுக்காரர் கிட்டே வந்து, "தரை சரியில்ல" என்றார்.

"ஆடத் தெரியாதவரு கூடம் கோணல்னாராம்!"

செக்ரட்டரியே சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். நடுக்குண்டை எடுத்து முதல் உருட்டு உருட்டப் போனேன். வாசலில் பேச்சுக் குரல். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வாட்ச்மேன் கதவை மறித்து நின்றார்.

"இது பொம்பளைங்க நேரம் சார்."