சந்தை நாள் என்று நினைத்தேன்

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் அவசரச் செய்திகளை, அடிவாரத்தில் நிற்கும் எங்கள் ஆம்புலன்ஸ் ஜீப்புக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளைக் கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். எங்களுடையது சின்ன அறக்கட்டளை. கணினி என்று வந்தால் அங்கே நான் ஒருவன்தான். மலையில் செவிலியர் போனில் எழுதும் செய்தி முதலில் மெசேஜ் ப்ரோக்கர் என்ற இடை மென்பொருளிடம் வரும். தபாலாபீஸ் மாதிரி வாங்கி, வரிசையில் வைத்து, ஓட்டுநரின் போனுக்கு அது தள்ளிவிடும்.

அன்று விடிந்ததும் அந்த ப்ரோக்கர் நம்பியிருக்கும் லைப்ரரிகளை, அதாவது துணை மென்பொருள்களை, புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழையதில் பாதுகாப்பு ஓட்டை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. என் போனிலிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனேன்.

பத்து மணிக்கு ஓட்டுநர் கூப்பிட்டார்.

"இன்னா சார், காலைலேந்து ஒரு சேதியும் காணோம். எல்லாம் சரியா கீதா?"

"இன்னிக்கு மலையில சந்தைண்ணே. அல்லாரும் அங்க போயிருப்பாங்க."

சந்தை நாளில் மலை அப்படித்தான் இருக்கும். காய்ச்சலைக்கூட மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்கள். அந்தத் தெனாவட்டில் ப்ரோக்கரின் பிழைப்பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குச் செவிலியரிடமிருந்து அழைப்பு. பின்னால் வண்டிச் சத்தம்.

"வண்டி எங்க சார்? ஏழு மணிக்கே சேதி போட்டேன். புள்ளத்தாச்சிக்கு ரத்தம் நிக்கல. மரவள்ளி ஏத்துற வண்டியில படுக்க வச்சு எறங்கிக்கினு இருக்கோம்."

அந்த ஊரில் ஒரு பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் பேசினால் அறுந்துவிடும். அதனால் செய்தியை எழுதி, போனைப் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிக்னல் வரும்போது தானாகவே போகும். அன்றும் மாட்டிவிட்டு அந்தப் பெண்ணிடம் ஓடியிருக்கிறார். ஏறக்குறைய நாலு மணி நேரம் ஜீப்புக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஓட்டுநரை எதிரே ஏறிப்போகச் சொல்லிவிட்டுப் பதிவைத் திறந்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது. இணைப்பு மறுக்கப்பட்டது. பக்கம் பக்கமாக அதே வரி. இன்னும் எத்தனை பேர் செய்தியை மாட்டிவிட்டுக் காத்திருக்கிறார்களோ! ப்ரோக்கரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். கடவுச்சொல்லைப் பார்த்தேன், சான்றிதழைப் பார்த்தேன். ஒரே கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தேன். என் போன் மட்டும் ஒழுங்காக இணைந்துகொண்டிருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்புறம்தான் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போன் நினைவுக்கு வந்தது. மலைச் செவிலியர்களுக்குக் கொடுத்த அதே ரகம். சார்ஜ் ஏற்றி முயன்றேன். இணையவில்லை. பழைய போன்கள் செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையைப் புதிய பதிப்பு ஏற்பதில்லை. மலையில் எல்லோரிடமும் இருப்பது பழைய போன். நான் சோதித்துப் பார்த்தது என் புதுப் போனில். முட்டாள், முட்டாள் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன்.

பழைய பதிப்புக்குத் திருப்பினேன். பதினான்கு செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் திறக்கப் பயந்து பயந்து திறந்தேன். மாத்திரை தீர்ந்துவிட்டது. நாய்க்கடி, ஊசி வேண்டும். குழந்தைக்குப் பேதி, இப்போது பரவாயில்லை. உயிர் போகிற செய்தி ஒன்றுதான், ஏழு மணிக்குப் போட்டது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியிலேயே ஜீப்புக்கு மாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தாய்க்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, பிழைத்துவிடுவாள் என்றார்கள். பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நாளைக் காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வெளியே சுவரில் சாய்ந்து நின்ற கணவரிடம் போய், சேதி போகாததற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

சுவரை விட்டு நிமிர்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"என் தங்கச்சிக்கும் இதான் மாசம் சார். இன்னிக்குச் சேதி போட்டா வண்டி வருங்களா?"

"வரும்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது.