வைஷாலிக்காக நான் போட்ட சண்டை

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அள்ளிக் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடிவிட்டு, மரக்காணத்தில் எங்கள் தெரு மொத்தமும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்த ஒரு ஐப்பசியில்தான் நான் வைஷாலிக்காக வீட்டோடு சண்டை போட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வைஷாலி எங்கள் ஊர்க்காரி இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிவியில் வந்த ஒரு சீரியலில் வரும் பணக்கார வீட்டுப் பெண். பதினாறு வயது. பெரிய பங்களாவில் இருந்துகொண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைப்பாள். வாயைத் திறந்தால் பொய். சித்தியின் வளையலை எடுத்துவிட்டு வேலைக்காரம்மா மேல் பழி போட்டாள். அவள் திரையில் வரும்போதெல்லாம் கரகரவென்று ஒரு இசை வரும். அதைக் கேட்டதுமே, பக்கத்து வீட்டிலிருந்து சீரியல் பார்க்க வரும் என் அத்தை, "வந்துட்டா பாரு சனியன்" என்பாள்.

எனக்கு வைஷாலியைப் பிடித்திருந்தது. எதையாவது உடைத்த பிறகு அவள் தன் அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுவாள். அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. டிவி பார்க்கிற எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இவர்கள் திட்டுகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாவம் அத்தை அவ. அவகூட யாருமே பேசலையே" என்றேன் ஒருநாள்.

"தொடப்பக்கட்டைதான் பேசணும் அவகிட்ட" என்றாள் அத்தை.

எங்கள் வீட்டிலும் அப்போது நிலைமை சரியில்லை. அக்காவுக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவள் யாரோடோ பாண்டிச்சேரிக்குப் போனாளாம், பீச்சில் உட்கார்ந்திருந்தாளாம், எங்கள் தெரு ஆள் ஒருவர் பார்த்துவிட்டாராம். இதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. தீபாவளிக்குத் துணியெடுக்க நாங்கள் குடும்பத்தோடு போவது பாண்டிச்சேரிக்குத்தான். அதே பீச்சில் உட்கார்ந்துதான் சுண்டல் தின்போம். ஆனால் அதற்குப் பிறகு அப்பா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "அவள சாப்பிடச் சொல்லு" என்று அவள் எதிரிலேயே அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் தட்டை மட்டும் நகர்த்தி வைப்பாள். ஒருமுறை அக்கா அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

அதனால், வைஷாலிக்குப் பரிந்து இந்த வீட்டில் இன்னொருவர் பேசுவதென்றால் அது அக்காவாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அங்கேதான் ஏமாந்தேன். வைஷாலியை அத்தையைவிட அதிகமாக வெறுத்தது அக்காதான். மூலையில் சாய்ந்துகொண்டு இமைக்காமல் பார்ப்பாள். வாயைத் திறந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு உயிரோட இருக்குது?"

அதைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். நிறைய பேருக்குப் பிடிக்காமல் போனால் அந்த ஆளைச் சீரியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். சும்மா எடுக்கமாட்டார்களாம். சாகடித்து, போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு நாளும் சீரியல் முடிந்து பெயர்கள் ஓடும்போது, இன்றைக்குத் தப்பித்தாள் என்று மூச்சு விடுவேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போது மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பயந்தது நடந்தது. வைஷாலியின் அப்பா அவளைப் பார்த்து, "நீ என் பொண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காட்டிய போதெல்லாம் இடி இடித்தது. வைஷாலி வீட்டைவிட்டு இறங்கினாள். கடற்கரைக்கு வந்தாள். தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"போய்த் தொலையட்டும். அந்த வீட்டுக்கு விடிவு காலம்" என்றாள் அத்தை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நீங்கல்லாம் சேர்ந்துதான் அவள அனுப்பிட்டீங்க! தப்பு பண்ணா திட்டுங்க. யாருமே பேசலன்னா அவ எங்க போவா?"

"வாய மூடுடி" என்றாள் அம்மா. டிவிக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்பா கண்ணைத் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

வெளியே மழைமூட்டம், வீட்டுக்குள் இருட்டு. அம்மா மெழுகுவர்த்தி கொளுத்தியபோது அக்கா உட்கார்ந்திருந்த மூலை காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

"எங்க அவ?" என்று அம்மா கேட்பதற்குள் நான் ஓடியிருந்தேன். வைஷாலிக்காகப் பேசியதில் அக்காவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் பாக்கியிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். தூறிக்கொண்டிருந்தது, வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பாத்தி எது, கால்வாய் எது என்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீர். மழைக்காலத்தில் அப்பாவே அந்தப் பக்கம் குச்சி ஊன்றித்தான் நடப்பார். கால்வாய் ஓரம் முழங்கால் தண்ணீரில் அக்கா நின்றிருந்தாள்.

"அக்கா!"

"வீட்டுக்குப் போடி" என்றாள், திரும்பாமலே.

நான் போகவில்லை. வரப்பில் நின்று மூச்சு வாங்கியபடி என் கட்சியைச் சொன்னேன். "நீ இன்னா வேணா சொல்லுக்கா, வைஷாலி சாவக்கூடாது. அவ வளையல் எடுத்தா, பொய் சொன்னா. அதுக்கு இன்னா இப்போ? எனக்கு அவள புடிக்கும்."

"அவ திரும்பி வந்தா மட்டும் அந்த வீட்ல யாருடி அவகிட்ட பேசுவாங்க?" என்றாள் அக்கா.

இதற்கு நான் யோசிக்கவே இல்லை. "நான் பேசுவேன். நான் அங்க இருந்தா டெய்லி பேசுவேன். அவகூடவே படுத்துக்குவேன். அவ அழுவறது எனக்குத் தெரியுமே."

அக்கா திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்குப் பின்னாடி உக்காந்து அழுவா. சத்தம் வராம அழுவா. நான்தான் பாக்கறேனே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது தூரத்தில் டார்ச் வெளிச்சம் தள்ளாடிக்கொண்டு வந்தது. அப்பா. குச்சி இல்லாமல், விழுந்து எழுந்து, இடுப்புவரை சேறாக வந்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். பக்கத்தில் வரக்கூட அவருக்குப் பயமாக இருந்தது போலும்.

"அம்மாடி, வந்துடும்மா. அப்பா கூப்பிடறேன், வந்துடு" என்றார். அக்காவிடம்தான் சொன்னார்.

அக்கா தண்ணீரைவிட்டு ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை. அடுத்து வந்த கோடையில் அப்பாவே அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். படித்து முடித்து இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை.

அன்றைக்கு வழியெல்லாம் நான் வைஷாலிக்காக வாதாடிக்கொண்டே வந்தேன். அக்கா ஒன்றையும் மறுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாசலில் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதபோது, ஒரு சீரியலுக்காக இவர்கள் ஏன் இத்தனை அழுகிறார்கள் என்று இருந்தது. என் கவலை வேறு. அம்மாவின் பிடியிலிருந்து தலையை வெளியே நீட்டி, மெழுகுவர்த்தியோடு நின்ற அத்தையிடம் கேட்டேன்.

"அத்தை, வைஷாலி இன்னா ஆனா? செத்துட்டாளா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

"இல்லடி கண்ணு. வீட்டுக்கு வந்துட்டா."

எனக்கு உயிர் வந்தது. அக்காவிடம் திரும்பி, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றேன். கரண்ட் வராத வீட்டில் அத்தை அதை எப்படிப் பார்த்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.