நோட்ஸ் கொடுக்காத சார்

போன சித்திரையில் என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வெள்ளிக்கிழமை. கீரமங்கலம் பேருந்து. பக்கத்து இருக்கையில், அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் தற்காலிக ஆசிரியர்.’

ஒல்லியான மனிதர். சட்டைப்பை ஓரமெல்லாம் சாக்பீஸ் தூள். “இவ்வளவு பூ விளையுற ஊர்ல, விளைய வைக்கிறவருக்கு ஏங்க காசு நிக்கல?” என்று கேட்டுவிட்டு, நான் யோசித்துப் பதில் சொல்லும்வரை பேசாமல் காத்திருந்தார். வகுப்பிலும் அப்படித்தானாம்.

முன்னால் நின்ற மாணவி திரும்பினாள். “சார், அடுத்த வருஷம் நீங்க வரமாட்டீங்களாமே?”

“நீங்கதானம்மா நோட்ஸ் குடுக்கலன்னு பிரின்சிபால்ட்ட போனீங்க?”

“ஒங்கள நிறுத்தச் சொல்லல சார். எச்.ஓ.டி. சார் மாதிரி டிக்டேட் பண்ணச் சொல்லுங்கன்னுதான் கேட்டோம். அதப் படிச்சா பாஸாயிரலாம்ல?”

“பாஸாயிரலாம். நானும் அதே நோட்ஸப் படிச்சுத்தான் பாஸானேன்.” அந்தத் துறைத்தலைவர் அவருக்கும் ஆசிரியராக இருந்தவர்.

அவள் இறங்கியதும், “இனி என்ன செய்யப்போறீங்க?” என்றேன்.

“டியூஷன் சென்டர்ல கூப்பிடுறாங்க. நோட்ஸ் குடுக்கணுமாம்.”

அங்கே சேர்ந்துவிட்டார் என்று பின்னர் ஒருவர் சொன்னார். அதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. எதையும் விசாரிக்காமல் எழுதாத எனக்கு, இதை விசாரிக்க மட்டும் மனம் வரவில்லை.